பரங்கிமலைக்கு ஒரு இருபது பல் சக்கரம்

சும்மா இருக்கத் தெரியாதவன் கையில் எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்ப்பான். நான் அந்த ரகம். மிக்ஸி, ஃபேன் ரெகுலேட்டர், அப்பாவின் காது மெஷின் எல்லாம் என் கைவரிசையைப் பார்த்தவை. (காது மெஷினை மட்டும் திரும்பப் பூட்ட முடியவில்லை. புதிது வரும்வரை அம்மாவின் புலம்பல் எதுவும் கேட்காமல் அவர் நிம்மதியாக இருந்தார்.) கழற்ற எதுவும் கிடைக்காத நேரத்தில் காலை ஆட்டுவேன். பஸ்ஸில், ஆபீஸ் மீட்டிங்கில், கோவிலில் பிரசங்க நேரத்தில். என்னால் எங்கள் வரிசை பெஞ்சு முழுவதும் ஆடும்.

இந்தக் கால்தான் என் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

ரெஜினாவும் நானும் ஒரே ஆபீஸ். அவள் வீடு சேலையூர், என் வீடு பெருங்களத்தூர். தாம்பரம் ஸ்டேஷனில் ஒரே ரயிலுக்காகக் காத்திருந்து காத்திருந்து வளர்ந்த காதல். (ரயில் நேரத்துக்கு வந்திருந்தால் நான் இன்னும் பிரம்மச்சாரி.) இரண்டு வீடும் கத்தோலிக்கர்கள் என்பதால் பெரிய சிக்கல் இருக்காது என்று நினைத்தோம். சிக்கல் அவள் அப்பா சவரிமுத்து சார். ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், கழுத்தில் தொங்கிய விசிலுக்கு ஓய்வு கிடையாது. மனிதர்களை முகத்தைப் பார்த்து எடைபோட மாட்டார், கீழே காலைப் பார்ப்பார்.

முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது ரெஜினா வாசலிலேயே சொன்னாள்: "எட்வின், கால ஆட்டாத. ப்ளீஸ்."

ஆட்டவில்லை. காபி வரும்வரை ஆட்டவில்லை. ஸ்டெல்லா ஆன்ட்டி, அதாவது ரெஜினாவின் அம்மா, காபியை டீப்பாய்மேல் வைத்துவிட்டு "எத்தனை வருஷமா இந்த கம்பெனில இருக்கீங்க தம்பி?" என்று கேட்டார். அங்கே நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன் வேறு கம்பெனி, அதற்கு முன் இன்னொன்று, அதற்கு முன் சொல்லிக்கொள்ள முடியாத ஒன்று. இதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று யோசிக்கும்போது என் முட்டி தன்னால் கிளம்பிவிட்டது. டீப்பாய் ஆடியது, டம்ளர் ஆடியது, காபி சவரிமுத்து சாரின் வெள்ளை வேட்டியில் இறங்கியது.

"கால்!" என்றார் அவர்.

அந்தக் குரலில் முப்பது வருஷத்து விளையாட்டு மைதானம் இருந்தது. நான் எழுந்து அட்டென்ஷனில் நின்றுவிட்டேன்.

அன்று இரவு ரெஜினா ஃபோனில் விஷயத்தைச் சொன்னாள். அவள் அத்தை கனடாவில் இருக்கும் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போட்டோவோடு வரப்போகிறார். அப்பாவுக்கு என்மேல் கோபமில்லை, ஆனால் "அந்தப் பையன் ஒரு இடத்துல நிக்கமாட்டான் போலருக்கே" என்று சொன்னாராம். "வெள்ளிக்கிழமை காலையில சைக்கிள்ல பரங்கிமலைக்குப் போறாராம். நீயும் சைக்கிள் ஓட்டுவன்னு சொன்னேன். வரச் சொல்றார். ஒருத்தன் மிதிக்கிறதப் பாத்தா ஆள் எப்படின்னு அவருக்குத் தெரிஞ்சிடுமாம்."

எனக்குப் பரங்கிமலை என்ற வார்த்தைக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. மலை! பிளேன் ஏறும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாலே செங்குத்தாகத் தெரியும் மலை. அறுபது வயதைத் தாண்டிய மனிதர் அதில் சைக்கிளில் ஏறுகிறார். அவர் பின்னால் நான் நாக்கைத் தள்ளிக்கொண்டு இறங்கி உருட்டினால் கதை முடிந்தது. ரெஜினா கனடாவில் பனி அள்ளிக்கொண்டிருப்பாள்.

இங்கே என் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கிராவல் பைக். தார் ரோட்டிலும் ஓடும், ஜல்லியிலும் மண்ணிலும் ஓடும். (தாம்பரத்தில் எந்த ரோடாக இருந்தாலும் வருஷத்தில் பாதி நாள் ஜல்லிதான். எனவே இது எங்களுக்கு ஆடம்பரம் இல்லை.) பெடலும், பெடல் மாட்டிய கைகளும், அதோடு சேர்ந்து சுற்றும் முன் பல்சக்கரமும் கூடியதுதான் கிராங்க்செட். அந்தச் சக்கரம் பெரிதாக இருந்தால் சமதரையில் பறக்கலாம், மேட்டில் முட்டி கழன்றுவிடும். சின்னதாக இருந்தால் மேடு சுலபம், சமதரையில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது. இதன் இரண்டாவது பாதியைத்தான் நான் படிக்கவில்லை. படித்தேன், ஆனால் எனக்குத் தேவையில்லை என்று தாண்டிவிட்டேன்.

என் சக்கரத்துக்கு நாற்பது பல். அந்த வாரம் முழுக்க ஆபீஸில் வேலை பார்க்கவில்லை. பல்லைப் பற்றியே படித்தேன். ஆல்ப்ஸ் மலையில் ஏறும் ஒரு தாடிக்காரர் வீடியோவில் "முப்பத்துநாலு போதும்" என்றார். இன்னொருவர் முப்பது என்றார். திங்கட்கிழமை முப்பத்துநாலுதான் சரி என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை அந்த முப்பத்துநாலு எனக்கு அகம்பாவமாகத் தெரிந்தது. முப்பதுக்கு இறங்கினேன். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு கனத்ததும் இருபத்தாறு என்றது மனசு. என் சைக்கிளுக்குப் பொருந்துகிற மாதிரி அவ்வளவு சின்னது எந்தக் கடையிலும் இல்லை.

இல்லை என்றால் விட்டுவிடுகிற ஆளா நான்? நேராகத் திருமுடிவாக்கம் போனேன். என் காலேஜ் நண்பன் வினோத் அங்கே தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். கரும்பு ஜூஸ் மெஷினுக்குப் பல்சக்கரம் வெட்டுவது அவன் தொழில். படிக்கும்போது நானும் அவனும் சேர்ந்து தொட்ட எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை. இருந்தும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை குறையவே இல்லை.

என் பழைய சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். "இன்னா மச்சான் இது, இட்லித் தட்டு மாரி கீது! இத்த வச்சிகினு எப்டிடா மல ஏறுவ? கொறைச்சிடலாம் வா."

"இருபத்தாறு போதும்டா."

"மாமனாரு முன்னாடி ரிஸ்க் எதுக்கு? இருவத்திரெண்டு."

"சரி."

"இன்னும் ரெண்டு எட்த்துடவா?"

சலூன்காரர் "இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணவா?" என்று கேட்கும்போது தலையாட்டுவேனே, அதே மாதிரி ஆட்டினேன். கடைசியில் என் உள்ளங்கைக்குள் அடங்குகிற, இருபது பல்லுள்ள ஒரு சக்கரம் பிறந்தது. கனமான இரும்பு. பளபளவென்று இருந்தது. இரண்டு பேரும் அதைப் பிறந்த குழந்தையைப் போல மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம்.

பூட்டியபோது செயின் தொளதொளவென்று துணிக்கொடி மாதிரி தொங்கியது. பின்னால் இருக்கும் பல்சக்கரங்களில் வேகத்துக்கான சின்னச் சக்கரத்துக்கு மாற்றினால் செயின் நழுவி விழுந்தது. "செயின்ல பத்து கண்ணி கட் பண்ணணும் மச்சான். அந்த டூல் இப்ப இல்ல. பரவால்ல, மலைக்குத்தான போற? பின்னாடி பெரிய சக்கரத்துலயே போ" என்றான் வினோத். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

சோதனை ஓட்டம் எங்கே செய்தேன் தெரியுமா? எங்கள் அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங் சரிவில். வெண்ணெயாக ஏறியது. இறங்கினேன், ஏறினேன், இறங்கினேன், ஏறினேன். "என்னா சார், ஏதாச்சும் தொலஞ்சிடுச்சா?" என்று வாட்ச்மேன் அண்ணா கேட்கிற வரைக்கும் ஏறினேன். சமதரையில் பத்தடிகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிகாலை சேலையூரில் அவர்கள் வாசலில் நின்றேன். ஹெல்மெட், கையுறை, முட்டியோடு ஒட்டிய கால்சட்டை. சவரிமுத்து சார் வெள்ளைச் சட்டை, பேண்ட், கழுத்தில் விசில். அவர் சைக்கிள் கறுப்பு நிறத்தில் கேரியரும் டைனமோவும் வைத்த பழைய பெரிய வண்டி. அதற்குக் கியர் என்று ஒன்றும் கிடையாது. மாடி ஜன்னலில் ரெஜினாவின் முகம் தெரிந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், என்னையா கடவுளையா என்று தெரியவில்லை.

"சாப்பிட்டியா தம்பி?"

"பழம் வச்சிருக்கேன் அங்கிள். உங்களுக்கும்..."

"இன்னிக்கு ஒருசந்தி" என்றார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளி, அவர் உபவாசம். நான் பழத்தை மெதுவாகப் பைக்குள் தள்ளினேன். எதற்கு இந்தத் தவக்காலத்தைச் சொல்கிறேன் என்பது பிறகு புரியும். எனக்கும் பிறகுதான் புரிந்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினோம். தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரைக்கும் ரோடு எப்படி? தட்டை. சானடோரியம் தட்டை, குரோம்பேட்டை தட்டை, பல்லாவரம் தட்டை. எத்தனை வருஷமாக இந்த ரோட்டில் போய் வருகிறேன்! ஒரு வாரம் மலையையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, மலைக்குப் போக முதலில் ரோட்டைக் கடக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

சவரிமுத்து சார் ஒரு மிதி மிதித்தால் வண்டி அதுபாட்டுக்குப் போனது. ஒரு கையில் ஜெபமாலை, உதட்டில் முணுமுணுப்பு, மிதிக்கு ஒரு மணி. நான்? அவர் ஒரு மிதி மிதிப்பதற்குள் நான் மூன்று சுற்று சுற்றிவிடுவேன், இருந்தும் பின்னால்தான் இருப்பேன். தொடை எரிந்தது, இடுப்பு சீட்டில் குதித்தது, ஹெல்மெட் கண்ணுக்கு மேல் இறங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக என் கால் தன் முழுத் திறமையையும் காட்டியது, வண்டி மட்டும் ஒத்துழைக்கவில்லை. வேகத்துக்கு மாற்றலாம் என்று கியரைத் தட்டினேன். செயின் பொத்தென்று விழுந்தது. இறங்கி மாட்டினேன், கை முழுக்கக் கிரீஸ். அதே கையால் முகத்தைத் துடைத்தேன்.

குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேரும் பஸ் வருகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு என் காலைப் பார்த்தார்கள். ஒரு ஷேர் ஆட்டோ என் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சார், சைக்கிளு ஓட்றியா, தையல் மிஷின் ஓட்றியா? இம்மாம் மிதி மிதிக்கிற, அங்கியே கீறியே!"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மூச்சு இல்லாததால் சத்தம் வரவில்லை.

சவரிமுத்து சார் அங்கங்கே காலை ஊன்றி நின்று எனக்காகக் காத்திருந்தார். நான் வந்து சேர்ந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டார். காலைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவசரப்படாத தம்பி, மெதுவா வா" என்பார். ஒரு நத்தையிடம் நிதானமாக வா என்று சொன்னால் நத்தைக்கு எப்படி இருக்கும்? போகட்டும், மலை வரட்டும், அங்கே காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மலை வந்தது. அடிவாரத்தில் சவரிமுத்து சார் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். பூட்டினார். சாவியைப் பாக்கெட்டில் போட்டார்.

"அங்கிள், மேல போகலையா?"

"போறோமே. படி இந்தப் பக்கம்."

"சைக்கிள்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல்முறையாக முகத்தைப் பார்த்தார். "தவக்கால வெள்ளிக்கிழமையில யாராவது மேல சைக்கிள்ல போவாங்களா? சிலுவைப்பாதை சொல்லிக்கிட்டு நடந்துதான் ஏறணும். உங்க வீட்ல கூட்டிட்டு வந்ததில்லையா?"

கூட்டி வந்திருக்கிறார்கள். வருஷா வருஷம் அம்மா என் கையைப் பிடித்து இதே படியில் ஏற்றியிருக்கிறார். இயேசு சிலுவை சுமந்த பாதையின் பதினான்கு ஸ்தலத்திலும் முழங்கால் போட்டிருக்கிறேன். பரங்கிமலை என்றதும் ஒரு கத்தோலிக்கனுக்கு முதலில் ஞாபகம் வர வேண்டியது படி. எனக்கு ஞாபகம் வந்தது பல்.

வாயை மூடிக்கொண்டு அவரோடு நடந்திருக்கலாம். ஆனால் ஒரு வாரத்துத் தவம் அப்படிச் சும்மா போக மனசு கேட்கவில்லை. "நீங்க படியில வாங்க அங்கிள், நான் ரோடு வழியா சைக்கிள்லயே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு படியேறினார்.

ரோட்டில் ஏறினேன். அடடா! வண்டி ஏறியது. செங்குத்தான வளைவில்கூட ஏறியது. கொஞ்சம் அழுத்தினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிக் குதிரை மாதிரி நின்றது, அவ்வளவுதான். ஒரே சங்கடம், வேகம் நடைவேகம். முட்டிவலியால் படி ஏற முடியாத ஆன்ட்டிகள் ஒரு கூட்டமாக ரோடு வழியாகப் பாடிக்கொண்டு நடந்து வந்தார்கள். அவர்களை முந்த முடியவில்லை. பின்தங்கலாம் என்றால் வண்டி சாய்ந்துவிடும். ஆகவே அவர்களுக்கு நடுவிலேயே, ஊர்வலத்தில் ஒருவனாக, கால் பம்பரமாகச் சுழல, உருண்டுகொண்டிருந்தேன்.

ஒரு ஆன்ட்டி என்னை ரொம்ப நேரம் கவனித்தார். கிரீஸ் அப்பிய முகம், வழிகிற வேர்வை, நகராத வண்டி. பிறகு பக்கத்தில் வந்தார்.

"தம்பி, இது நேர்ச்சையாப்பா?"

விளக்கிச் சொல்ல மூச்சு இல்லை. "ஆமா ஆன்ட்டி."

"என்ன வேண்டுதல்?"

"கல்யாணம்."

"பாவம் புள்ள!" என்றவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் இந்தப் பையனுக்காக மாதாகிட்ட ஒரு மங்கள வார்த்தை சொல்லுங்க." சொன்னார்கள். உருக்கமாகச் சொன்னார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது, அது ஜெபத்தாலா கிரீஸாலா தெரியாது.

உச்சிக்கு வந்துவிட்டேன்! காலை ஊன்றாமல், இறங்காமல் வந்தேன். என் வீரத்தைப் பார்க்க வேண்டியவரைத் தேடினேன். கோவிலுக்குள் இல்லை. மரத்தடியில் இல்லை. நான் முட்டிவலி ஆன்ட்டிகளோடு வருவதற்குள் அவர் படியேறி, பதினான்கு ஸ்தலமும் முடித்து, உள்ளே போய் ஜெபித்து, படி வழியாகத் திரும்ப இறங்கியிருக்கிறார். கீழேயிருந்து நீளமாக விசில் சத்தம் வந்தது.

"எங்க போன?" என்றார், நான் அடிவாரத்துக்கு வந்ததும்.

"மேலதான் அங்கிள் இருந்தேன்."

"நானும் மேலதானே இருந்தேன்?"

என் வாழ்நாளின் ஒரே மலையேற்றத்துக்குச் சாட்சி யாருமில்லை. பெயர் தெரியாத ஆறேழு ஆன்ட்டிகளைத் தவிர.

திரும்பும்போது பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குள் நுழைந்தார், ரோஜாச் செடி வாங்க. பழைய ஃபேன், உடைந்த நாற்காலி, கருவாடு, லவ் பேர்ட்ஸ் என்று ஜனம் நெருக்கியடித்தது. சவரிமுத்து சாரின் பெரிய வண்டி அந்த நெரிசலில் திணறியது, அவர் ஒற்றைக்கால் ஊன்றி ஊன்றி வந்தார். என் வண்டியோ ஜம்மென்று உருண்டது. கூட்டத்தில் ஊர்வதற்கு அதைவிடப் பொருத்தமான கியர் உலகத்தில் கிடையாது. அன்று காலையில் முதல்முறையாக நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போனோம்.

"தம்பி, உள்ளதச் சொல்லு. நீ வெளிநாட்டுக்குப் போயிடுவியா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவ மெல்போர்ன்ல இருக்கா. பேத்திய நான் தூக்கினதில்ல. ஃபோன்லதான் பாக்குறேன். கனடாப் பையன் நல்ல பையன்தான். ஆனா இவளும் ஃபோனுக்குள்ள போயிட்டா நானும் ஸ்டெல்லாவும் என்ன பண்ணுவோம்?"

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. ஒரு வாரமாக நான் மலையை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அவர் ஏர்போர்ட்டை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். போகவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய வாயைத் திறந்தேன். இத்தனை கம்பெனி மாறியவன் சத்தியத்தை யார் நம்புவார்கள்? "தெரியல அங்கிள்" என்றுதான் வந்தது. "எனக்கு ஒரு இடத்துல உக்காரவே வராது. ஆனா ரெஜினா சொன்னா உக்காருவேன்."

அவர் என் காலைப் பார்த்தார். அந்த ஊர்ந்து போகிற நெரிசலிலும் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவர் தோள் குலுங்கியது. செடிக்காரர் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார், போட்டோ காட்டினார். நான் வீட்டில் எந்தச் சாமானும் மிச்சமில்லாமல் கழற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ரெஜினா ஃபோன் செய்தாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. அப்பா அத்தையிடம் சொன்னதை அப்படியே சொன்னாள்:

"கனடாப் பையன் மிதிக்காமலே பறந்துடுவான். இந்த எட்வின் இருக்கானே, தாம்பரத்துலேருந்து பரங்கிமலைக்கு உசுரக் குடுத்து மிதிச்சான். அவ்ளோ மிதிச்சு அவ்ளோ கொஞ்சமா போன ஆள நான் பாத்ததே இல்ல. அவன் எங்கயும் போகமாட்டான். பொண்ண அவனுக்கே குடுத்துடலாம்."

இது பாராட்டா திட்டா என்று கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை. அந்தச் சக்கரத்தை மாமியார் வாங்கி வைத்துக்கொண்டார். நல்ல கனம், சூடான பால் பாத்திரத்தை மேலே வைத்தால் மேஜை சுடாது. வீட்டில் நான் புது வேலை, புது ஊர் என்று எதையாவது ஆரம்பித்தால் போதும், "எட்வின் மிதிக்க ஆரம்பிச்சிட்டான்" என்று எல்லோரும் சொல்வார்கள்.

போன வருஷம் எனக்குக் கனடாவிலிருந்தே ஒரு வேலை வந்தது. (கடவுளுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு.) ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது சொன்னேன். யாரும் "மிதிக்க ஆரம்பிச்சிட்டான்" என்று சொல்லவில்லை. ரெஜினா என்னைப் பார்க்காமல் குழம்பு ஊற்றினாள். மாமா சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு கையை நீட்டி, பால் பாத்திரத்தை நகர்த்திவிட்டு, அடியிலிருந்த சக்கரத்தை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"போறதா இருந்தா இத எடுத்துட்டுப் போ. அங்க மலை நிறைய இருக்குமாம்."

தமாஷாகத்தான் சொன்னார். சிரிக்க வேண்டிய இடம்தான். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

கனடா கம்பெனிக்காரப் பெண்மணிக்கு வர முடியாது, குடும்பக் காரணம் என்று எழுதிப் போட்டேன். "என்ன காரணம் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று அவர் அக்கறையாகத் திரும்ப எழுதினார். பால் பாத்திரத்தைப் பற்றி அவருக்கு எப்படி விளக்குவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போகவில்லை என்று மேஜையில் சொன்னேன். மாமா தலையை நிமிர்த்தவில்லை. சக்கரத்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார், மாமியார் அதன்மேல் பால் பாத்திரத்தை வைத்தார். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் மேஜை லேசாக நடுங்கியது, பாலில் வளையம் வளையமாக அலை எழுந்தது.

"கால்!" என்றார் மாமா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அட்டென்ஷனில் எழுந்து நின்றேன், அன்றைக்கு மாதிரியே.